கறிவேப்பிலை எந்த அத்தியாயம்?

1

நாங்கள் ராட்டர்டாமுக்குக் குடிவந்த நாள் நவம்பர் மாதத்தில் வருகிறது. ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு ரசம் வைப்பேன். வந்த அன்று குளிரில் நடுங்கிக்கொண்டே பெட்டியைத் திறந்தபோது கைக்கு முதலில் அகப்பட்டவை புளியும் மிளகும். அதனால் ரசம் வைத்தேன். அவ்வளவுதான் அதன் வரலாறு. இப்போது அது எங்கள் வீட்டுத் திருநாள் மாதிரி ஆகிவிட்டது.

இந்த வருடமும் ரசத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எதிரே மகள் ஈவா கறிவேப்பிலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினைந்து வயதாகிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ் என்பதால் அவள் வாயைத் திறந்தால் பாடப்புத்தகம்தான் பேசும்.

"அம்மா, இது உணவா, வாசனைப் பொருளா? உணவு என்றால் ஏன் எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள்?"

என் கணவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. காரணம் இருக்கிறது. ஈவா கேட்பதற்கு முன்பே இந்த நாட்டுச் சுங்கத்துறை இதே கேள்வியை என்னிடம் கேட்டு, நானும் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கூத்தை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

நான் பிறந்து வளர்ந்த ராயபுரத்தில் என்னைத் தெரிந்தவர்கள் பலர் நான் ராட்டர்டாம் துறைமுகத்தில் ஏதோ பெரிய பதவியில் இருப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் நான் ஒரு சுங்க ஏஜென்ட் ஆபீஸில் சரக்குகளுக்கு அத்தியாயம் தேடிக் கொடுக்கிறேன். சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே மாடிப்படி ஏறிப் போகிற ஒரு ஆபீஸில் செய்த அதே வேலை. ஜன்னலுக்கு வெளியே அங்கே கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்கும். இங்கே ஹாரன் அடிக்காமல் நிற்கின்றன.

உலகத்தில் எல்லை தாண்டிப் போகிற எல்லாப் பொருளையும் ஒரு தடித்த புத்தகத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்த அத்தியாயமோ அதற்கேற்ற இறக்குமதித் தீர்வை, அதற்கேற்ற சோதனை. இரும்பு, ரப்பர், செருப்பு இவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. சமையலுக்குப் போடுகிற காய்ந்த இலைகள்தான் உயிரை வாங்கும். கொத்தமல்லிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கும் பார்ஸ்லி, சட்டப்படி காய்கறி. தைம் என்று ஒரு பொடி இலை, அது மசாலா. நாம் சட்னி அரைக்கிற புதினாவைக் காயவைத்தால் அது மருந்துக்கும் வாசனைத் திரவியத்துக்கும் பூச்சிக்கொல்லிக்கும் ஆகிற செடிகளின் அத்தியாயத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சென்னை ஆபீஸுக்குத் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் வருவார். மளிகை மொத்த வியாபாரம். பீட்சா கடைகள் பெருகியபோது அவரும் துணிந்து ஓரிகானோ இலை இறக்குமதி செய்தார். கப்பல் வந்துவிட்டது, இலை எந்த அத்தியாயம் என்பதில் இழுபறி. அண்ணாச்சி என் மேசைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, இது எலதான? எலைய எலன்னு எழுதிக் குடுத்தா என்னம்மா?"

"எல்லாமே எலதான் அண்ணாச்சி. அதை வச்சு ஊர்ல என்ன செய்றாங்கன்னு கேக்குறாங்க."

"என்ன செய்றாங்க. திங்கிறாங்க."

கடைசியில் ஓரிகானோவும் மருந்துச் செடிகளோடுதான் சேர்ந்தது. பீட்சாவில் தூவுகிறதை மருந்து என்கிறார்களே என்று அண்ணாச்சி பல நாள் வியந்துகொண்டிருந்தார். அப்புறம் தன் கடையில் அதை ஜீரணத்துக்கு நல்லது என்று சொல்லி விற்றதாகக் கேள்விப்பட்டேன்.

இங்கே வந்த புதிதில் வேலை தெரிந்திருந்தது, பாஷைதான் காலை வாரியது. 'என்னிடம் இருக்கிறது' என்பதற்கும் 'நான்' என்பதற்கும் டச்சில் குழப்பிக்கொண்டு, ஒரு சுங்க அதிகாரியிடம் போனில், "காலை வணக்கம், நான் மூன்று டன் வெங்காயம்" என்று அறிமுகப்படுத்திக்கொண்டேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை. "வருக, மேடம்" என்றார். இன்றும் அவர் என்னை மறக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, ஊருக்குப் போனபோது மீன் மார்க்கெட்டில் வஞ்சிரத்தைக் காட்டி, "தயவுசெய்து கொஞ்சம் சின்னதா வெட்டிக் குடுங்க" என்று சொல்லிவிட்டேன். மீன்காரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, நியூஸ் வாசிக்கிறியா?" என்றார். பக்கத்துக் கூடைக்காரம்மாவும் சேர்ந்து சிரித்தார். பிறந்து வளர்ந்த ஊரில் அப்படி ஒரு சிரிப்பு வாங்கினால் மனசுக்கு நன்றாகவா இருக்கும்? ஆனால் மீன் சின்னதாகவே வெட்டப்பட்டது.

3

இனி லூர்து அண்ணி. என் அண்ணனின் மனைவி. ராயபுரம் கல்மண்டபத்தில் மாடி வீடு. அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அண்ணி பல வருடங்களாக ஒரு இறால் கம்பெனியில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க ஐஸில் கைவைத்து இறால் உரிக்கிற வேலை. போன வருடம் நான் ஊருக்குப் போனபோது அவளால் என் கைப்பையின் ஜிப்பைப் பிடித்து இழுக்க முடியவில்லை. விரல் நுனிகள் மரத்துப் போய்விட்டன. டாக்டர் ஐஸ் வேலையை விடச் சொன்னார். விட்டுவிட்டு வேறு என்ன செய்வது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அப்போதுதான் அண்ணியின் கொசுவலையைப் பார்த்தேன்.

அண்ணி பிறந்தது அத்திப்பட்டில், அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில். அங்கே எதையும் வெயிலில் திறந்து காயவைக்க முடியாது. காலையில் வெள்ளையாகப் போட்ட துணி சாயங்காலம் சாம்பல் நிறத்தில் இறங்கும். அதனால் அந்த வீடுகளில் வற்றல், மிளகாய், இலை எதுவானாலும் அறைக்குள் கட்டில் மேல் பரப்பி, கொசுவலையைக் கட்டி, ஜன்னல் காற்றில் காயவைப்பார்கள். கல்யாணமாகி ராயபுரம் வந்த பிறகும் அண்ணி பழக்கத்தை விடவில்லை. வெயில் படாததால் கறிவேப்பிலை பச்சை மாறாமல், நொறுங்குகிற பதத்தில் காய்ந்திருந்தது. வாசனை அறைக்கு வெளியே வந்து கூப்பிட்டது. நான் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கி வந்தேன்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அன்னெகே என்ற அம்மாள் மூலிகை, தேயிலைக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் கொஞ்சம் கொடுத்தேன். அவர் அதை வெந்நீரில் போட்டுக் குடித்தார். நான் தடுப்பதற்குள் இரண்டாவது கோப்பையும் ஊற்றிக்கொண்டார்.

அண்ணியிடம் போனில் அதைச் சொன்னேன்.

"கருவேப்பிலத் தண்ணியா? சோறு எங்க?"

"சோறு இல்ல அண்ணி. சும்மா குடிக்கிறாங்க."

"பாவம். வூட்ல யாரும் இல்லியா அவங்களுக்கு?"

அன்னெகே பெரிய மனதுக்காரர், ஆனால் வியாபாரி. முறையாக முதல் சரக்கை இறக்குமதி செய்வோம், சோதனையில் தேறினால் தொடர்ந்து வாங்குகிறேன், தேறாவிட்டால் இன்னொரு முறை முயல எனக்குத் தெம்பில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். இந்தியாவிலிருந்து வருகிற கறிவேப்பிலைக்குப் பூச்சிமருந்துச் சோதனை கெடுபிடியானது என்பது எனக்கும் தெரியும். அண்ணிக்கு நான் அதை விளக்கினேன். அவள் புரிந்துகொண்டது ஒன்றுதான்: இலை தேறினால் இறால் கம்பெனிக்குத் திரும்பிப் போக வேண்டாம்.

என் பழைய ஆபீஸ்காரர்கள் ஏற்றுமதிப் பதிவுக்கு உதவினார்கள். அண்ணி மருந்தடிக்காத தோட்டமாகத் தேடிக் கண்டுபிடித்தாள், இன்னும் இரண்டு கட்டில் வாங்கினாள், எதிர்வீட்டுப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டாள். அன்னெகே காயவைக்கும் இடத்தைப் படம் கேட்டார். மூன்று கட்டிலில் கொசுவலைக்குள் இலைகள் பிள்ளைகள் மாதிரி தூங்குகிற படத்தை அனுப்பினோம். அதைக் கடையில் மாட்டிவிட்டார். பிறகு இலையில் சாம்பல் அளவு எவ்வளவு என்று பரிசோதனை அறிக்கை கேட்டார். இலையை எரித்து, மிஞ்சுகிற சாம்பலை எடைபோட்டுத் தரம் பார்ப்பது வழக்கம்தான். ஆனால் அத்திப்பட்டுக்காரியிடம் போய் சாம்பலைப் பற்றிக் கேட்கலாமா? "சாம்பலு எங்கூர்ல கீது, என் எலையில இல்ல. வந்து பாக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

4

சரக்கு மூன்று அட்டைப் பெட்டிகளாக விமானத்தில் வந்து சேர்ந்தது. கறிவேப்பிலையைப் புதினாவோடும் ஓரிகானோவோடும் அந்த மருந்துச் செடிகளின் அத்தியாயத்தில் எழுதி அறிவிப்பைத் தாக்கல் செய்தேன். செவ்வாய்க்கிழமை திறந்து மாதிரி எடுப்பதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணி கூப்பிட்டாள். ஈவா தான் எடுத்தாள்.

"அத்தை, நலமாக இருக்கிறீர்களா? உணவு அருந்தினீர்களா?"

"ஐயோ, பிரசங்கம் வைக்குதே பொண்ணு. துன்னேன் கண்ணு. அம்மாகிட்ட குடு."

நான் வாங்கினேன்.

"இன்னா ஸ்டெல்லா, பொட்டி வந்திச்சா?"

"வந்திருக்கு அண்ணி. செவ்வாக்கெழம ஆபீசருங்க தொறந்து பாப்பாங்க."

"அவுங்களா தொறப்பாங்க? நீ இல்ல?"

"நானும் நிப்பேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. ரெண்டாவது பொட்டில அடியில உனக்கோசரம் ஒரு டின்னு வச்சிகீறேன். அதை மட்டும் நைசா எட்த்துக்கோ."

என்ன டின் என்று கேட்கவே தேவையில்லை. ராயபுரத்திலிருந்து வெளிநாட்டுக்கு எந்தப் பார்சல் போனாலும் அதன் அடிவயிற்றில் ஒரு கருவாட்டுப் பொட்டலம் இருக்கும். துபாய்க்கும் போகும், கனடாவுக்கும் போகும். பலகாரப் பெட்டி, துணிப் பெட்டி, கல்யாணப் பத்திரிகைக் கட்டு எதுவானாலும் விதிவிலக்கு கிடையாது. மணம் தெரியாமல் இருக்கச் சுற்றிலும் கறிவேப்பிலை வைப்பார்கள். இந்த முறை பெட்டி முழுக்கக் கறிவேப்பிலை. அண்ணிக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

"நெத்திலியா?"

"நெத்திலியே தான். உனுக்குப் புடிச்ச சைஸு. வெறும் எலைய மட்டும் அனுப்பினா மன்சங்க இன்னா நெனப்பாங்க?"

"அண்ணி, இது வியாபாரச் சரக்கு. அதுல எழுதாத ஒண்ணு இருந்தா மறைச்சு அனுப்பினதா ஆயிடும். மீனு வேற. எல்லாத்தையும் புடிச்சு வச்சிக்குவாங்க."

அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரியின் ஹாரன் கேட்டது. பிறகு மெதுவாக, "அப்ப எலை பூடுமா?" என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

5

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தது நிஜம். மூன்று பெட்டியில் எந்தப் பெட்டியிலிருந்து மாதிரி எடுப்பார்களோ, அடி வரைக்கும் தோண்டுவார்களோ மாட்டார்களோ. ஆனால் தோண்டினால் அண்ணியின் பெயர் பதிவில் ஏறிவிடும். அப்புறம் அவள் எந்த இலையை அனுப்பினாலும் அதே சந்தேகத்தோடுதான் திறப்பார்கள். நாமாகச் சொன்னால் அது தவறு, அவர்களாகக் கண்டுபிடித்தால் அது மறைப்பு. இதை நான் எத்தனையோ வியாபாரிகளுக்கு வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்கே சொல்லவேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகத் திருத்தம் எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது பெட்டியில் ஒரு டின், உள்ளே உலர்ந்த மீன், விற்பனைக்கு அல்ல, குடும்ப அன்பளிப்பு, வைத்தவருக்கு விதி தெரியாது.

மறுநாள் கிடங்கில் வந்து நின்றவர் யார் என்கிறீர்கள்? வெங்காயக் காலத்து அதே அதிகாரி. கையுறையை மாட்டிக்கொண்டு, "இன்றைக்கு நீங்கள் என்ன மேடம்? மீனா?" என்றார். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

முதல் பெட்டி, மூன்றாவது பெட்டி இரண்டிலும் இலைதான். இரண்டாவது பெட்டியின் அடியிலிருந்து பால்பவுடர் டின் வெளியே வந்தது. மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றியிருந்தாள். கோயில் மெழுகுவத்தியாகத்தான் இருக்கும். மேலே மாதா படம். அவர் கத்தியால் மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தார்.

அந்தக் கிடங்குக்குள் சாயங்கால ராயபுரம் முழுதாக வந்து இறங்கியது. மீன்பிடித் துறைமுகம், ஐஸ் வண்டி, ஈர வலை எல்லாம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதிகாரியின் உதவியாளர் இரண்டு அடி பின்னால் போனார். அவருக்கும் கண்ணில் தண்ணீர்தான், காரணம் வேறு.

அதிகாரி மட்டும் டின்னைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கள் கடற்கரை ஊரிலும் வீட்டுக்கு வெளியே கயிறு கட்டி மீன் காயவைப்பார்கள்" என்றார். பிறகு டின்னைச் சாய்த்து, நீல நிற அழிப்புத் தொட்டியில் நெத்திலியைக் கொட்டினார். மனம் இளகினாலும் கை விதிப்படிதான் போனது. அழித்ததற்குச் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். என் உத்தியோகத்தில் அவ்வளவு துக்கமாக எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

பிறகுதான் உண்மையான கண்டம். இலையில் மீன் வாடை ஏறியிருந்தால் அந்தப் பெட்டி போச்சு, அதோடு மொத்தச் சரக்கின் பேரும் போச்சு. டின் கிடந்த இடத்திலிருந்தே ஒரு பிடி அள்ளினார். மூக்கருகே கொண்டுபோனார். கசக்கி மறுபடி முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். கறிவேப்பிலை, கறிவேப்பிலையைத் தவிர வேறில்லை. மெழுகு ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்கவில்லை.

"நன்றாக மூடியிருக்கிறார்" என்றார். மாதிரி எடுத்து உறையில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்.

அறிக்கை வரும்வரை அண்ணி தினமும் போன் செய்தாள். வந்தது. பூச்சிமருந்து எச்சம் இல்லை. சாம்பல் அளவும் சரியாக இருந்தது, அதை நான் அழுத்திச் சொன்னேன். நெத்திலியின் முடிவையும் சொல்ல வேண்டியிருந்தது.

"தொட்டில கொட்டிட்டாங்களா? யாராச்சும் துன்னாங்களா?"

"யாரும் திங்கல அண்ணி. எரிச்சிடுவாங்க."

"அட பாவிங்களா. எரிக்கிறதுக்கா அவ்ளோ மெழுகு ஊத்தினேன்." கொஞ்சம் நிறுத்தி, "சரி, எலை தேறிச்சில்ல?" என்றாள். தேறியது என்று இன்னொரு தரம் சொன்னேன். அவள் அழுவது கேட்டது. அண்ணன் போனை வாங்கி, "சந்தோசத்துல தான், நீ வை" என்றார்.

6

இப்போது அன்னெகேயின் கடையில் கண்ணாடி ஜாடியில் ராயபுரத்து இலை இருக்கிறது. அதைவிட வேடிக்கை, பள்ளிவிட்டு வருகிற ஈவாவும் தோழிகளும் அங்கே உட்கார்ந்து கறிவேப்பிலைத் தேநீர் குடிக்கிறார்கள். வீட்டு ரசத்தில் பொறுக்கிப் போடுகிற அதே பெண். கேட்டால், "அம்மா, அது பானம். இது ரசம்" என்கிறாள். பிள்ளை நம்மைவிட்டு எவ்வளவு தூரம் போகிறது என்று எப்போதாவது கவலை வரும். அப்புறம் அவள் குடிப்பது எங்கள் அண்ணி வீட்டுக் கட்டிலில் காய்ந்தது என்று நினைத்துச் சமாதானம் ஆகிவிடுவேன்.

இரண்டாவது சரக்குக்கு முன்னால் அண்ணிக்குக் கறாராகச் சொல்லியிருந்தேன். இலை மட்டும். வேறு எதுவும் கூடாது. முறுக்கு கூடாது, ஜெபமாலைகூடக் கூடாது. "சரி" என்றாள்.

சரக்கு போன வாரம் வந்தது. சோதனை முடிந்து விடுவித்தார்கள். அன்னெகேயின் கடைப் பின்கட்டில் நான்தான் பெட்டிகளைத் திறந்தேன். மேலே இலை. நடுவில் இலை. யாரும் பார்க்காதபோது அடி வரைக்கும் கையை விட்டுத் துழாவினேன். அட்டைதான் தட்டுப்பட்டது. மூன்று பெட்டியிலும் அப்படித்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றையும் கேட்காத அண்ணி, இதை மட்டும் அப்படியே கேட்டிருக்கிறாள். எல்லாம் சட்டப்படி சுத்தமாக இருந்தது, ஆனாலும் இன்னொரு தரம் கையை விட்டுப் பார்த்தேன்.

ரசம் வைத்த அன்று, சாப்பிட்டு முடித்ததும் போன் செய்தேன்.

"பொட்டி நல்லபடியா வந்திச்சு அண்ணி. எலையைத் தவிர ஒண்ணுமே இல்ல."

"நீதானே வாணாம்னே."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அங்கே லாரி ஹாரன். இங்கே ஈவா தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டெல்லா, ஒண்ணு கேக்கட்டா? உன் பொஸ்தகத்துல எலை எத்தினியாவது அத்தியாயம்?"

"பன்னெண்டு."

"கருவாடு?"

"மூணு."

"பாத்தியா. கருவாடு முன்னால நிக்கிது. ஒயுங்கா எய்திக் குடுத்தா வுடுவாங்களா?"

"அதுக்கு நெறைய வேல இருக்கு அண்ணி. அனுமதி வாங்குன கம்பெனி மூலமா தான் வரணும், சர்டிபிகேட்டு வேணும்."

"எறா கம்பெனி மேனேஜரு வெளிநாட்டுக்கு அனுப்பிகினு தானே கீறாரு. நான் போயி கேக்கிறேன். வேலைக்கு இல்ல, வியாபாரத்துக்கு. நீ அத்தியாயத்துல எந்த நம்பருன்னு மட்டும் பாத்து சொல்லு."

மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்ததும் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தேன். உலர்ந்த மீன், உப்பிட்ட மீன், புகை போட்ட மீன் என்று வரி வரியாகப் போய்க்கொண்டே இருந்தது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை, எனக்குப் பசி எடுத்துவிட்டது.